தக்கை உருளாத இடம்

நாய்த் தீனி வாளிக்குள் முழங்கை வரை கையை விட்டு, வண்டிச் சாவியை அடியில் புதைத்தாள் கோரின். மேலே தீனியைத் தள்ளி மட்டமாக்கி மூடியை அழுத்திக்கொண்டிருக்கும்போது வண்டிக்குள் படுக்கைப் பக்கத்துத் திரை விலகியது. வெண்டல் சட்டைப் பொத்தானைப் போட்டபடி நின்றிருந்தான். நேற்றுவரை காலில் ஏறிய செருப்பு இன்று ஏறவில்லை. வீங்கிய பாதங்களில் பாதியை மட்டும் நுழைத்து இழுத்துக்கொண்டு வந்தான்.

"சாவி எங்கே?"

"தெரியல. நீதானே வெச்சே."

வெண்டல் தேடவில்லை. இருக்கைக்கு அடியில் படுத்திருந்த மூஸைப் பார்த்தான். மூஸ் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தது. பார்த்ததோடு நிற்காமல் எழுந்துபோய், மூடியில் மூக்கை வைத்து வாலை வேறு ஆட்டியது. வாளி திறந்தும் தட்டு நிறையாத காலையை அந்த நாய் அதுவரை கண்டதில்லை.

"என் பையன் இவன்," என்று வெண்டல் வாளியைத் திறந்தான். "பொய் சொல்லத் தெரியாது."

கோரினுக்கு அழுகை முட்டியது. அதைக் காட்டாமல் நேற்று இரவு குடித்த ஒயின் கோப்பைகளைக் கழுவப் போனாள்.

அறுவடை முடிந்து வெறிச்சோடிக் கிடந்த திராட்சைத் தோட்டத்தின் ஓரத்தில் படுக்கை, சமையல் எல்லாம் உள்ளேயே இருக்கும் இரண்டு ஆர்.வி. வண்டிகள் நின்றன. ஒன்று வெண்டலுடையது. மற்றது அவன் சிநேகிதன் லைலுடையது. வருடா வருடம் இலை பழுக்கிற சமயத்தில், இரண்டு தம்பதிகளும் மூன்று நாய்களுமாக சாக்ரமெண்டோவிலிருந்து கிளம்புவார்கள். ஆண்டர்சன் பள்ளத்தாக்கில் தோட்டம் தோட்டமாக நின்று ஒயின் குடித்துவிட்டு, கடைசியில் கடலுக்கு மேலே ஒரு மேட்டில் போய் இறங்குவார்கள். இந்த வருடம் வெண்டல் கிளம்பியிருக்கவே கூடாது. இருதயம் பழைய பம்புபோல ஆகிவிட்டது, எந்த நேரமும் நிற்கலாம், ஸ்டியரிங் பக்கமே போகாதே என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெண்டல் பெரிய மனிதன்போலத் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து டயர்களில் காற்று பார்த்தான்.

லைலுக்கும் அவன் மனைவி வெர்னாவுக்கும் இது தெரியாது. தெரியக்கூடாது என்பது வெண்டலின் கட்டளை. வெர்னா வேலையில் இருந்த காலமெல்லாம் அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருந்தவள். நின்றுபோன நெஞ்சுகளை இடித்து இடித்து ஓடவைத்தவள்.

"அவளுக்குத் தெரிஞ்சா என் விலா எலும்பு ஒண்ணுகூட மிஞ்சாது," என்று கிளம்புவதற்கு முன்பே வெண்டல் சொல்லிவிட்டான். "மூக்குல குழாயைச் சொருகி ஆஸ்பத்திரியில போட்டுடுவா. எனக்குக் கடைசியா ஆஸ்பத்திரிக் கூரை வேணாம் கோரின். கடலைப் பாக்கணும்."

கோரின் சரி என்றிருந்தாள். அந்தச் சரியைச் சொன்ன நாளிலிருந்து அவள் ஒழுங்காகத் தூங்கவில்லை.

வெளியே லைல் குனிந்து, வெண்டலின் வண்டிச் சக்கரங்களுக்கு அடியிலிருந்து மரக்கட்டைகளை உருவிக்கொண்டிருந்தான்.

"டேய் வெண்டல், உன் கட்டையைத் தூக்கித் தூக்கி என் இடுப்பு விட்டுப்போச்சு. ஊர்ல அவனவன் சாஞ்ச வண்டியிலதான் படுத்துத் தூங்குறான். ஒருத்தனும் சாகல."

"மேடு பள்ளமா படுத்தா எனக்குக் கனவு கோணலா வருது," என்றான் வெண்டல்.

அது அவனுடைய பைத்தியம். எங்கே வண்டியை நிறுத்தினாலும் ஒயின் பாட்டில் தக்கை ஒன்றை உணவு மேசைமேல் படுக்கப் போடுவான். அது உருண்டால், எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறதோ அந்தச் சக்கரத்துக்குக் கட்டை வைத்து வண்டியை ஏற்ற வேண்டும். தக்கை அசையாமல் கிடக்கும்வரை யாரையும் சமைக்கவிட மாட்டான். "போதும்" என்ற வார்த்தையை அவன்தான் சொல்ல வேண்டும். மற்றவர்கள் சொன்னால் செல்லாது.

வெர்னா தன் இரண்டு குட்டை நாய்களையும், பீனையும் பார்லியையும், கையில் இடுக்கிக்கொண்டு வந்து வெண்டலின் முகத்தை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏன் மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்கு?"

"உன்னோட இருபது வருஷம் ஊர் சுத்தினா வேற எப்படி இருக்கும்?" என்று சொல்லி வெண்டல் ஓட்டுநர் இருக்கையில் ஏறினான். ஏறியபின் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தான். மூச்சு திரும்புவதற்காக அவன் காத்திருக்கிறான் என்று கோரினுக்கு மட்டும் தெரியும்.

வண்டி சாலையேறியது. முதல் சில வளைவுகளில் அவன் நன்றாகத்தான் ஓட்டினான். பிறகு நேரான இடத்தில், எதுவுமே இல்லாத இடத்தில், வண்டி மெல்ல மெல்ல நடுவிலிருந்த மஞ்சள் கோட்டைத் தாண்டியது. எதிரே வந்த லாரி ஹாரனை அழுத்திக்கொண்டு உரசுவதுபோலப் போனது. கோரின் ஸ்டியரிங்கைப் பாய்ந்து பிடித்திருந்தாள். எப்போது பிடித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

இரண்டு வண்டிக்கும் இடையே பேச வைத்திருந்த வாக்கி டாக்கி கரகரத்தது. "என்னடா, நேத்து ஒயின் இன்னும் இறங்கலையா?" என்றான் லைல்.

வெண்டலின் நெற்றி வியர்த்திருந்தது.

"அந்த ஆப்பிள் கடையில நிறுத்து. மூஸுக்கு ஒண்ணுக்கு வருது," என்றாள் கோரின்.

"அவனுக்கு வரல."

"எனக்கு வருது. நிறுத்து."

நிறுத்தினான். அவன் நாயோடு இறங்கி வேலி வரை போய்த் திரும்புவதற்குள் கோரின் ஓட்டுநர் இருக்கைக்கு மாறிவிட்டாள். இருக்கையை முன்னால் இழுத்தாள். கால் எட்டியது. அவள் இந்த வண்டியை ஓட்டியதே இல்லை. அவள் வேலை, வெண்டல் பின்பக்கமாக வண்டியை ஒதுக்கும்போது பின்னால் நின்று சைகை காட்டுவது. இடது கையை வீசினால் இந்தப் பக்கம், வலது கையை வீசினால் அந்தப் பக்கம், இரண்டு முஷ்டியையும் நெஞ்சுக்கு முன்னால் குறுக்கே வைத்தால் நில். கண்ணாடியில் அவள் தெரியாவிட்டால் வெண்டல் நிறுத்திவிட வேண்டும். முகாம் போடுகிறவர்களுக்குள் இது சட்டம் மாதிரி. புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சுவார்த்தை இல்லாத நாளிலும், ஒருவர் வண்டியைப் பின்னால் எடுத்தால் இன்னொருவர் போய் நின்றாக வேண்டும். இத்தனை வருடமும் அவள் அறிந்திருந்தது இந்த வண்டியின் பின்புறத்தை மட்டும்தான்.

வெண்டல் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றான்.

"இறங்கு."

"மாட்டேன்."

"இது உனக்கு ஓட்ட வராது. கோரின், இறங்கு, சிரிக்கப் போறாங்க."

"பின்னாடி ரெண்டு பேர் வர்றாங்க. ரெண்டு நாய் வருது. எதிர்ல யாரோட பிள்ளைகளோ வருது. நீ சாகறதுன்னா சாவு, வெண்டல். அவங்களையும் கூட்டிக்கிட்டுப் போக நான் விடமாட்டேன்."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தையை இத்தனை நாளும் இருவருமே வாயால் சொன்னதில்லை என்பது அவளுக்கு உறைத்தது. வெண்டலுக்குக் கோபம் வரும் என்று பார்த்தாள். வரவில்லை. அவன் கடைக்காரன் அடுக்கி வைத்திருந்த ஆப்பிள் பெட்டிகளைப் பார்த்தபடி நின்றான். பின் வண்டியில் லைல் தலையை நீட்டி, "என்ன மகாராணி, பதவி மாறிடுச்சா?" என்று கத்தினான்.

"ஒரு கண்டிஷன்," என்றான் வெண்டல், குரலைத் தாழ்த்தி. "கடல் தெரியற வரைக்கும் நிறுத்தக் கூடாது. எனக்கு என்ன ஆனாலும்."

"ஒண்ணும் ஆகாது. ஏறு."

"சொல்லு."

"நிறுத்தல. ஏறு."

அவன் சுற்றிக்கொண்டு போய், ஓட்டுநருக்கு வலப்பக்கத்து இருக்கையில் ஏறினான். அந்த இருக்கையில் அவன் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. விருந்துக்கு வந்தவன்போல இருந்தான். மூஸ் இருவருக்கும் நடுவில் படுத்துக்கொண்டது.

சாலை, ஆற்றை ஒட்டியபடி, ரெட்வுட் மரக் காட்டுக்குள் நுழைந்தது. பகலிலேயே விளக்குப் போட வேண்டிய இருட்டு. மரங்கள் சாலையை ஒட்டியே நின்றன. வண்டியின் அகலம் கோரினுக்குப் பிடிபடவில்லை. ஒவ்வொரு மரத்தையும் இடிக்கப் போவதாகவே நினைத்தாள். வெண்டல் விடாமல் சொல்லிக்கொண்டே வந்தான்.

"வளைவுக்கு முன்னாடி பிரேக்கைத் தொடு, வளைவுக்குள்ள தொடாதே... கண்ணாடியைப் பாத்துக்கிட்டே ஓட்டாதே, முன்னாடி பாரு. பின்னாடி இருக்கறது எங்கேயும் போகாது."

"பேசாம வா."

"நல்லாத்தான் ஓட்டுற."

பொய் சொல்கிறான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் மனசு கொஞ்சம் குளிர்ந்தது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்த விரல்களைச் சற்றுத் தளர்த்தினாள்.

"இப்ப வலது வளைவு. அகலமா எடு. இல்லேன்னா வண்டியோட வால் இடிக்கும்," என்றான்.

அகலமாக எடுத்தாள். பின்சக்கரம் சாலையோரத்துச் சரளையை நொறுக்கிவிட்டு மறுபடி மேலேறியது. வால் இடிக்கவில்லை.

"எப்படி?" என்றாள்.

வெண்டல் ஒன்றும் சொல்லவில்லை.

"இதைவிட அகலமா எடுத்தா ஆத்துல இறங்கிடும், பாத்துக்க," என்றாள் மறுபடி.

அதற்கும் பதில் இல்லை. அடுத்த வளைவு வந்துவிட்டது. கண்ணைத் திருப்ப முடியவில்லை. அதற்கடுத்த வளைவும் வந்தது. எதிரே மரம் ஏற்றிய லாரி ஒன்று சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு வந்து, உறுமிக் கடந்து போனது. அது போன பிறகு வண்டிக்குள் இருந்த நிசப்தத்தை அவள் கேட்டாள். சில வாரங்களாக இரவும் பகலும் அவள் காதில் விழுந்துகொண்டிருந்த அந்த ஈரமான மூச்சுச் சத்தம் இல்லை. மூஸ் எழுந்து நின்று முன்னங்கால்களை வெண்டலின் மடியில் வைத்தது. அவன் அதைத் தடவவில்லை.

"வெண்டல்."

வண்டி ஒதுங்க இடம் ஒன்று வலப்பக்கம் தெரிந்தது. தெரிந்தபோதே தாண்டிவிட்டாள். சில இடங்கள் நேராக இருந்தன. அங்கே திரும்பிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பார்க்காதவரை அவன் தூங்குகிறான்.

வாக்கி டாக்கியில் வெர்னா வந்தாள். "சாயங்காலத்துக்குச் சிப்பி சூப் வைக்கலாமா? வெண்டலுக்கு உப்பு கம்மியா போடறேன். இப்பல்லாம் உப்பே தொடமாட்டேங்கறானே, ஏன்?"

"வை," என்றாள் கோரின்.

"அவன்கிட்டக் குடு, கேக்கறேன்."

"தூங்கறான்."

வாக்கி டாக்கி மறுபடி கரகரத்தது. வெர்னாவின் குரல் மாறியிருந்தது. அது சிநேகிதியின் குரல் இல்லை. வேலையில் இருந்த காலத்துக் குரல். "அவன் வண்டியில தூங்கறவன் இல்லையே. அதுவும் நீ ஓட்டறப்போ. காலையிலயே அவன் மூஞ்சி சரியில்ல. கால் வேற வீங்கியிருந்துச்சு, நான் பாத்தேன். கோரின், அடுத்து ஒதுங்க இடம் வருது. நிறுத்து. நான் ஒரு தடவை பாத்துடறேன்."

இடம் வந்தது. நல்ல அகலமான இடம். இரண்டு வண்டியும் நிற்கலாம். வெகு தூரத்திலிருந்தே தெரிந்தது. இந்தத் தடவை தெரியாமல் தாண்டிவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

கோரின் காலை பிரேக் மேல் வைத்தாள். வலது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து, பார்க்காமலே நீட்டி, அவன் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தாள். சூடாகத்தான் இருந்தது. அந்தச் சூட்டைத் தவிர அங்கே வேறொன்றும் இல்லை. அழுத்திப் பார்த்தாள். தன் நாடிதான் தன் விரலில் அடித்தது. ஒருவேளை இருக்கிறதோ, தனக்குத்தான் தெரியவில்லையோ? பின்னால் வருகிறவளுக்குத் தெரியும். அவள் ஏறி வந்து அவனைத் தரையில் இழுத்துப் போட்டு இடிப்பாள். அவன் பிழைத்தாலும் பிழைப்பான். பிழைத்துக் கண் விழித்தால் கூரையைப் பார்ப்பான்.

காலை பிரேக்கிலிருந்து எடுத்தாள். ஒதுங்கும் இடம் பின்னால் போனது.

இதைக் கேட்கிறவர்களில் பாதிப் பேர் கோரினைத் திட்டுவார்கள். திட்டட்டும். அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டதில் அது எள்ளளவுகூட வராது.

"கோரின். நிறுத்துன்னு சொன்னேன்," என்றாள் வெர்னா. லைல் ஹாரனை அடித்தான். விளக்கை அணைத்து அணைத்துப் போட்டான். "கோரின், உனக்குக் கேக்குதா? நான் உன் பின்னாடியேதான் இருக்கேன்."

கோரின் வாக்கி டாக்கியை அணைத்தாள்.

அதற்குப் பிறகு அவள் நன்றாக ஓட்டினாள். அது அவளுக்கே கேவலமாக இருந்தது. வளைவுக்கு முன்னால் பிரேக்கைத் தொட்டாள், வளைவுக்குள் தொடவில்லை. கண்ணாடியைப் பார்க்கவில்லை. காடு முடிந்தது. ஆறு அகன்றது. பாலத்தைத் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி முக்கி முனகி மேலேறியது. உச்சிக்கு வந்ததும் மூடுபனி கிழிந்து, வெண்டலின் பக்கத்து ஜன்னல் முழுக்கக் கடல் நின்றது.

அப்போதுதான் அவனைப் பார்த்தாள். தலை ஜன்னல் கண்ணாடியில் சாய்ந்திருந்தது. கண் பாதி திறந்திருந்தது. மூஸ் அவன் மடியில் தாடையை வைத்திருந்தது.

"வந்தாச்சு வெண்டல்," என்றாள். "நிறுத்தல, பாத்தியா."

அவளுக்கு அழ வேண்டும்போல் இருந்தது. சாலை குறுகலாக இருந்ததால் அழவில்லை.

மேட்டு முகாமில் அவர்கள் எப்போதும் நிறுத்தும் இடம் காலியாக இருந்தது. வண்டியின் முகம் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பின்பக்கமாகத்தான் உள்ளே போக வேண்டும். கோரின் வண்டியை வளைத்து நிறுத்துவதற்குள் வெர்னா ஓடிவந்து கதவை இழுத்தாள். கதவு உள்ளே பூட்டியிருந்தது.

"கதவைத் தெற," என்று தட்டினாள். "கோரின், கதவைத் தெற."

கோரின் பின்கியரைப் போட்டாள். கண்ணாடியைப் பார்த்தாள். அங்கே யாருமில்லை. தான் எப்போதும் நின்று சைகை காட்டுகிற இடம் காலியாக இருந்தது. யாரும் தெரியாவிட்டால் நகரக் கூடாது. நகராமல் உட்கார்ந்திருந்தாள். வெர்னா கதவை இடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு கண்ணாடிக்குள் லைல் வந்தான். கோபத்தில் முகம் சிவந்திருந்தது. வாய் ஏதோ திட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் வந்து, அவள் வழக்கமாக நிற்கும் அதே இடத்தில் நின்று, இடது கையைத் தூக்கி வீசினான். கோரின் அவன் கை காட்டிய பக்கம் போனாள். வலது கையை வீசினான். அந்தப் பக்கம் திருப்பினாள். கடைசியில் இரண்டு முஷ்டியையும் நெஞ்சுக்கு முன்னால் குறுக்கே வைத்தான். நின்றாள்.

எஞ்சினை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்தாள். வெர்னா ஏறினாள். வெண்டலின் கழுத்தில் இரண்டு விரலை வைத்தாள். கண் இமையைத் தூக்கிப் பார்த்தாள். விறைக்கத் தொடங்கிவிட்டதா என்று தாடையை அசைத்துப் பார்த்தாள். பிறகு அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கே?"

"காட்டுக்குள்ள."

"நான் நிறுத்தச் சொன்னதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி. முன்னாடின்னுதான் நினைக்கறேன்."

"நினைக்கறியா?" வெர்னாவின் குரல் உடைந்தது. "நான் பின்னாடியே வந்துக்கிட்டிருந்தேன் கோரின். கை எட்டற தூரத்துல. என் வாழ்க்கையில முன்னப்பின்ன தெரியாதவன் எத்தனை பேரை எழுப்பியிருக்கேன்."

"தெரியும். அதனாலதான் அவன் உங்கிட்டச் சொல்லல."

லைல் வாசலுக்கு வந்தான். திட்டுவதற்காகத் திறந்த வாய் அப்படியே நின்றது. உள்ளே பார்த்தான். பிறகு திரும்பி, வண்டியின் பக்கவாட்டில் கையை ஊன்றிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றான். அவன் வண்டியிலிருந்து பீனும் பார்லியும் விடாமல் குரைத்தன. மூஸ் மட்டும் குரைக்கவில்லை.

போனில் சிக்னல் இல்லை. யாராவது முகாம் அலுவலகம் வரை நடந்துபோய்ச் சொல்ல வேண்டும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கோரின் எழுந்து, கழுவி வைத்த கோப்பைகளுக்குப் பக்கத்தில் கிடந்த நேற்றைய தக்கையை எடுத்தாள். உணவு மேசையின் நடுவில் படுக்கப் போட்டாள். அது ஒரு கணம் யோசித்துவிட்டு வலப்பக்கமாக, வெண்டல் இருந்த பக்கமாக உருண்டுபோய் விளிம்பில் தட்டி நின்றது.

"லைல்," என்று கூப்பிட்டாள். "வலது முன்சக்கரத்துக்கு ஒரு கட்டை வேணும்."

வெர்னா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். பைத்தியமா உனக்கு என்று கேட்கப் போகிறவள்போல இருந்தது. கேட்கவில்லை. லைல் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு கட்டைப் பெட்டி திறக்கும் சத்தம், கட்டை இறங்கும் சத்தம்.

கோரின் மறுபடி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து எஞ்சினைப் போட்டாள். வெண்டலின் தொடைமேல் இருந்த கை நழுவி இருக்கையில் விழுந்தது. அதை எடுத்து மறுபடி தொடைமேல் வைத்தாள். வண்டியை முன்னால் மெல்ல விட்டாள். வலது சக்கரம் கட்டையில் ஏறியது. வண்டி நிமிர்ந்தது. ஜன்னலில் சாய்ந்திருந்த அவன் தலைக்கு முன்னால் கடலும் கொஞ்சம் தாழ்ந்தது. பிரேக்கை மிதித்தபடி அவள் காத்திருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. யாராவது சொல்ல வேண்டும்.

பின்னால் படிக்கட்டு கிரீச்சிட்டது. வெர்னா எழுந்து மேசைக்குப் போகும் சத்தம் கேட்டது. தக்கையை எடுத்து மறுபடி நடுவில் வைக்கும் சிறிய சத்தமும் கேட்டது. பிறகு வெகுநேரம் ஒன்றும் இல்லை.

"போதும்," என்றாள் வெர்னா.

கோரின் எஞ்சினை அணைத்தாள்.